வாடகை யார் கைக்குப் போயிற்று?

நம் குடும்பங்களில் வீடு வாங்கும் பேச்சு எழுந்துவிட்டால், ஒரு சொல் தவறாமல் வந்து விழுகிறது: "அது வாடகைக்கு விட்டிருந்த வீடாமே!" சொல்பவர் குரலைத் தாழ்த்திச் சொல்கிறார். கேட்பவர் முகத்தைச் சுளிக்கிறார். அத்துடன் வழக்கு முடிந்துவிடுகிறது. சுவர் எப்படி, தண்ணீர் எப்படி, பத்திரம் எப்படி என்று கேட்பார் இல்லை. வாடகைக்காரர் புழங்கிய வீடு என்ற ஒரே குற்றத்திற்காக அது தள்ளுபடி ஆகிறது. வேறு சிலரோ, அதே காரணத்தால் விலை சற்றுத் தணிந்திருக்கிறது என்று கேள்விப்பட்ட மாத்திரத்தில் முன்பணத்தைக் கட்டிவிட்டு வந்து நிற்கிறார்கள். முன்னவர் ஆராயாமல் விலக்குகிறார். பின்னவர் ஆராயாமல் வாங்குகிறார். இருவரிடத்தும் நமக்கு வழக்கு உண்டு.

சென்னை நகரத்து அடுக்குமாடி வீடுகளையே நாம் இங்கே கருத்தில் கொள்கிறோம். 1980களிலும் 1990களிலும் மூன்று மாடி, நான்கு மாடி என்று எழுந்த கட்டடங்களில், வெளிநாட்டில் உழைத்த நம்மவர்கள் பலர் ஆளுக்கொரு வீடு வாங்கிப் போட்டார்கள். வாங்கினார்களே தவிர வாழவில்லை. சவூதியிலோ துபாயிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு வாடகைக்கு விட்டார்கள். ஊரில் தம்பியோ மைத்துனரோ மாதந்தோறும் வாடகையை வாங்கினார். இன்று அந்தத் தலைமுறை முதுமை எய்திவிட்டது. பலர் மறைந்தும் விட்டார்கள். அவ்வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாக விலைக்கு வருகின்றன. பள்ளிவாசலும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் அருகில் இருக்க வேண்டும் என்று தேடும் நம் குடும்பங்களுக்குக் கைக்கெட்டும் விலையில் கிடைப்பவையும் அவையே. ஆகவே இது ஏதோ சிலருடைய கவலை அன்று. ஒரு வாழ்நாள் சேமிப்பு எங்கே போய்ச் சேர வேண்டும் என்பது பற்றிய கேள்வி.

முதலில் அந்த முகச் சுளிப்பை எடுத்துக்கொள்வோம். வாடகைக்கு இருப்பது என்ன இழிவு? நம் பாட்டனார்கள் ரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் கடை வைத்தபோது சொந்த மாளிகையிலா தங்கினார்கள்? பத்துப் பேர் பாய் விரித்த வாடகை அறைகளில் படுத்து எழுந்துதான் ஊரில் கல்வீடு கட்டினார்கள். இன்று நம் பிள்ளைகள் துபாயில் கட்டிலை மட்டும் வாடகைக்கு எடுத்துக் காலம் கழிக்கிறார்கள். இவ்வளவு ஏன், இதே சென்னையில் நம்மவர் ஒருவர் வாடகை வீடு தேடிப் போனால் நடப்பது என்ன? தொலைபேசியில் பேசும்வரை வீடு காலியாக இருக்கும். பெயரைச் சொன்னதும் அது நேற்றே போய்விட்டிருக்கும். "சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும்" என்ற பலகையைக் கண்டு திரும்பி வந்தவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! அந்த அவமானத்தின் வடு ஆறாத நாமே, "யாரோ புழங்கிய வீடு" என்று அதே கோலை எடுத்து இன்னொருவர்மேல் வீசுகிறோம். நம்மை ஒதுக்கியவர் சொன்ன காரணத்திற்கும் நாம் சொல்லும் காரணத்திற்கும் என்ன வேறுபாடு என்று எவரேனும் விளக்கினால் கேட்டுக்கொள்ளச் சித்தமாக இருக்கிறோம்.

"அவர்கள் என்ன சமைத்தார்களோ, எதை வைத்து வணங்கினார்களோ" என்று சில தாய்மார்கள் தயங்குவதுண்டு. அசுத்தம் பட்ட தரையைத் தூய்மை செய்வது எப்படி என்பது மத்ரஸாவில் முதல் ஆண்டுப் பாடம். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் தீர்ந்தது. கழுவ முடியாதது எது என்பதைப் பின்னர்ச் சொல்கிறோம். ராசி இல்லாத வீடு, அங்கே ஒரு மையித்து விழுந்தது என்பவை போன்ற பேச்சுகளுக்கு விடை சொல்லி இந்தப் பக்கத்தை வீணாக்கப் போவதில்லை.

ஆனால் படித்தவர் ஒருவர் நம்மை வேறு விதமாக மடக்கக்கூடும். "விற்பனைப் பொருளில் விலையைக் குறைக்கும் குறை எதுவோ அதுவே ஐபு என்று ஃபிக்ஹு நூல்கள் இலக்கணம் கூறுகின்றனவே, வாடகைக்கு இருந்த வீட்டுக்குச் சந்தையில் விலை குறைகிறது என்றால் அதுவே ஐபுதானே?" என்று அவர் கேட்கலாம். நல்ல கேள்விதான். எனினும், விலை எதனால் குறைகிறது என்று பார்க்க வேண்டும் அன்றோ? சொந்தக்காரர் கண்காணாத் தொலைவில் இருந்தார், குழாய் ஒழுகியபோது சாக்கு வைத்து அடைத்தார்கள், மின்கம்பி தீய்ந்தபோது மேலோட்டமாக ஒட்டுப் போட்டார்கள், குளியலறைத் தரையில் கசிந்த நீர் கீழ்வீட்டுக் கூரையை நனைத்தது, எவரும் கவனிக்கவில்லை. இவைதாம் ஐபு. இவற்றைச் செய்தது வாடகை அன்று, சொந்தக்காரரின் அலட்சியம். வாடகைக்கே விடாமல், சொந்தக்காரரே குடியிருந்து பாழாக்கிய வீடுகளை நாம் பார்த்ததில்லையா?

இவ்வகை வீட்டை வேண்டாம் என்று ஒதுக்குகிறவர் அடுத்து எங்கே போகிறார்? புதுக் கட்டடம் எழுப்புகிறவரின் அலுவலகத்திற்கு. அங்கே அவருக்குக் காட்டப்படுவது வண்ணத்தாளில் அச்சிட்ட ஒரு படம். நிலத்தில் அப்போது இருப்பது பள்ளமும் கம்பிக் குவியலும். ஷாஃபியீ மத்ஹபின் வலுவான கருத்துப்படி, கண்ணால் காணாத குறிப்பிட்ட பொருள் ஒன்றை விற்பது செல்லாது. ஹனஃபீ மத்ஹபில் செல்லும். ஆனால் பொருளைக் கண்டபின் வேண்டாம் என்று சொல்லும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. செய்து தருமாறு சொல்லி வாங்கும் இஸ்திஸ்னா என்ற முறையில் அதை அனுமதிக்கும் ஆலிம்களும் உளர்; அதை நாம் மறுக்கவில்லை. நாட்டுச் சட்டமும் 2016ஆம் ஆண்டின் மனை விற்பனை ஒழுங்குமுறைச் சட்டத்தின் மூலம், புதுக் கட்டடத்தில் கட்டுமானக் குறை தெரிந்தால் ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகள் வரை கட்டியவரே சரிசெய்ய வேண்டும் என்று விதித்திருக்கிறது. இது ஒரு காப்புதான். ஆனால் கட்டி முடியாத வீட்டுக்குச் சரக்கு சேவை வரி வேறு. பெரும்பாலான வீடுகளுக்கு அது 5 விழுக்காடு. விலையோ நம் நடுத்தரக் குடும்பங்களின் கைக்கு எட்டுவதில்லை. முடிவில் அவர்கள் வந்து நிற்பது வங்கியின் வாசலில். வாடகைக்காரர் புழங்கிய தரையில் கால்வைக்கக் கூசிய அதே மனம், 20 ஆண்டுகளுக்கு வட்டி கட்டுவதாகக் கையெழுத்துப் போடும்போது கூசுவதில்லை. பழைய வீடு, அதன் கட்டட மதிப்புத் தேய்ந்திருப்பதால், கையிலுள்ள சேமிப்பும் மனைவியின் நகையும் உறவினர் தரும் கைமாற்றும் சேர்ந்தாலே முடிந்துவிடக்கூடியது. விலையை ஒரே தொகையாக உறுதி செய்துகொண்டு தவணையில் வாங்கிக்கொள்ள விற்பவர் இணங்கினாலும் தடையில்லை.

இன்னொன்றும் உண்டு. அடுக்குமாடியில் நாம் வாங்குவது சுவர்களை மட்டும் அன்று; நிலத்தில் பிரிபடாத பங்கு ஒன்றையும் சேர்த்தே வாங்குகிறோம். சுவர் தேயும், நிலம் தேயாது. எட்டு வீடுகள் மட்டுமே உள்ள பழைய மூன்று மாடிக் கட்டடத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் வரும் நிலப் பங்கு, வானளாவ எழும் புதுக் கட்டடத்தில் வருவதைவிடப் பொதுவாகப் பெரிது. 1994இன் சட்டத்தை நீக்கி 2024 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர் இசைந்தால் பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்ட வழிசெய்கிறது. அந்நாள் வரும்போது பேசப்போவது சுவரின் வண்ணம் அன்று, பத்திரத்தில் எழுதிய நிலப் பங்கின் அளவு. பத்திரத்தைக் கையில் எடுப்பவர்கள் முதலில் அந்த வரியைப் படிப்பார்களாக.

இப்போது, மலிவு என்ற ஒரே காரணத்தால் விழுகிறவரிடம் வருவோம். அவர் தரகருடன் போகிறார். வீடு புதிதாக வெள்ளையடித்துப் பளிச்சென்று இருக்கிறது. அவருக்கு மகிழ்ச்சி. நமக்கோ விற்பதற்கு முந்திய மாதம் அடித்த வெள்ளையைக் கண்டால் ஐயம்தான் எழுகிறது. எந்த ஈரத்தை மறைக்க அது பூசப்பட்டது? கூரையின் உட்புறத்தில் பூச்சு வீங்கி உரிந்தால் உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது என்று பொருள். கடற்காற்று வீசும் பகுதிகளில் இது சாதாரணம். வெள்ளையை வாங்கிக்கொண்டு துருவோடு குடித்தனம் நடத்துகிறவர்களை நாம் அறிவோம்.

வாடகைக்கு இருந்த வீட்டில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது; அதை இவரும் காண்பதில்லை, முகம் சுளித்தவரும் காண்பதில்லை. அவ்வீட்டுக்கு ஒரு சாட்சி உண்டு. சொந்தக்காரரே வாழ்ந்த வீட்டின் குறைகளை அறிந்தவர் சொந்தக்காரர் ஒருவரே, அவர்தாம் விற்கிறவரும். வாடகை வீட்டின் குறைகளை அறிந்தவரோ, விற்பனையில் ஒரு காசும் லாபம் இல்லாதவர். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எந்தப் படிவரை ஏறியது, 2023 டிசம்பர்ப் புயலில் எத்தனை நாள் மின்சாரம் இல்லை, நகரத்து ஏரிகள் வறண்ட 2019 கோடையில் ஆழ்துளைக் கிணறு கைகொடுத்ததா அல்லது லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றார்களா என்பதை அந்த வீட்டு அம்மாள் விரல்விட்டுச் சொல்வார். மேல்வீட்டுக்காரர் எப்படி, சங்கத்தில் யார் கணக்குக் காட்டுவதில்லை, மின்தூக்கி எத்தனை நாள் ஓடும் என்பதும் அவருக்குத் தெரியும். சங்கத்துக்குச் செலுத்த வேண்டிய பராமரிப்புத் தொகையைத் தொலைவிலிருக்கும் சொந்தக்காரர் பல ஆண்டுகள் நிறுத்தி வைத்திருப்பதும் உண்டு. அதை வெளியே சொல்லும் முதல் ஆளும் வாடகைக்காரரே. பெண்கள் போய் அவர்களோடு அரைமணி நேரம் அமர்ந்து பேசட்டும். ஆண்கள் தரகரிடம் பத்து நாள் அலைந்து பெறாத செய்தி கிடைக்கும்.

விற்பவர் தாம் அறிந்த குறையை மறைக்கக் கூடாது, மறைத்தால் வாங்கியவர் திருப்பிக் கொடுக்கலாம் என்பது நம் ஃபிக்ஹின் தெளிவான தீர்ப்பு. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமும் 55ஆம் பிரிவில், வாங்குபவர் சாதாரணக் கவனத்தால் கண்டுகொள்ள முடியாத பெருங்குறையை விற்பவர் வெளிப்படுத்தியாக வேண்டும் என்று சொல்கிறது. சாதாரணக் கவனம் என்ற சொல்லைக் கவனியுங்கள். குடியிருந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்திருக்கக்கூடியதைக் கேளாமல் வாங்கிவிட்டு, பிறகு எந்த முகத்தோடு வழக்குப் பேசுவது?

அதே சட்டத்தின் 3ஆம் பிரிவு இன்னும் ஒருபடி மேலே போகிறது. ஒரு சொத்து யாருடைய சுவாதீனத்தில் இருக்கிறதோ, அவருக்கு அதில் என்ன உரிமை உண்டோ, அதை வாங்குபவர் அறிந்தே வாங்கினார் என்று அது கொள்கிறது. "எனக்குத் தெரியாது" என்ற சொல் அங்கே செல்லாது. நம்மவர்கள் வில்லங்கச் சான்றை மட்டும் எடுத்து மார்பில் அணைத்துக்கொண்டு வருகிறார்கள். அதில் வருவது பதிவானவை மட்டுமே. பதிவாகாத வாடகை ஒப்பந்தம் அதில் வராது. நகரத்தில் பெருகிவிட்ட போக்கியம் என்ற வழக்கமும் பெரும்பாலும் அதில் வருவதில்லை. சொந்தக்காரர் எட்டு லட்சமோ பத்து லட்சமோ மொத்தமாக வாங்கிக்கொள்வார். குடியிருப்பவர் வாடகை தராமல் இருப்பார். போகும்போது முழுத் தொகையும் திரும்பக் கொடுக்க வேண்டும். இதை வாடகை என்று எப்படிச் சொல்வது? இது கடன், கடனுக்குப் பதிலாக வீட்டை அனுபவிக்கும் லாபம். பெயரை மாற்றியதால் வட்டியின் தன்மை மாறிவிடாது என்றே நாம் சொல்லி வருகிறோம். அந்த வாதம் ஒருபுறம் இருக்க, போக்கியத்தில் இருக்கும் வீட்டை விசாரிக்காமல் வாங்கியவர், விலையைக் கொடுத்து முடித்தபின் திறவுகோலுக்காக இன்னொரு பத்து லட்சம் தேட நேரும்.

குடியிருப்பவரை முதலில் துரத்திவிட்டு வீட்டைக் காலி செய்து தாருங்கள் என்று கேட்கிறார்களே, அதுவும் நமக்கு உடன்பாடன்று. வாடகையில் இருக்கும் வீட்டை மூன்றாமவருக்கு விற்றால் விற்பனை செல்லும், வாடகை முறியாது என்பது ஷாஃபியீ மத்ஹபின் ஏற்றமான கருத்து. ஹனஃபீ மத்ஹபிலோ வாடகைக்காரர் இசையாதவரை, தவணை முடியும் மட்டும் அவ்விற்பனை அவரைக் கட்டுப்படுத்தாது. எப்படியும் குடியிருப்பவரின் தவணைக்கு மதிப்பு உண்டு. 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டமும், தண்ணீரை நிறுத்துவது, மின்சாரத்தைத் துண்டிப்பது போன்ற குறுக்குவழிகளுக்கு இடம் தரவில்லை. பத்தாண்டு குடியிருந்த குடும்பம் பள்ளியாண்டின் நடுவில் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு எங்கே போகும்? மே மாதம்வரை பொறுத்திருந்தால் நமக்கு என்ன குறைந்துவிடும்? அவர்கள் கொடுத்த முன்பணத்தை விற்பவர் திருப்பினாரா என்பதையும் பார்க்க வேண்டும். திருப்பவில்லை என்றால், விலையில் அதைக் கழித்துக்கொண்டு நாமே அவர்கள் கையில் கொடுத்துவிடுவது முறை.

இத்தனையும் விசாரித்தபின்னும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. நாம் இதை எழுத முனைந்ததே அதற்காகத்தான். அந்த வீட்டில் குடியிருந்தவர் யார் என்று துருவித் துருவிக் கேட்கிறோமே, அந்த வாடகை யார் கைக்குப் போயிற்று என்று எப்போதேனும் கேட்டோமா?

சில காலத்திற்கு முன் வெளிநாட்டிலிருந்து திரும்பிய ஒருவர், வடசென்னையில் ஒரு வீடு பேசியிருப்பதாகச் சொல்லி நம்மிடம் வந்தார். முன்பிருந்தவர்கள் எந்தச் சமயத்தார், எப்படிச் சமைத்தார்கள், சுவரில் ஆணி எத்தனை என்பதுவரை அவருக்குத் தெரிந்திருந்தது. "வீடு யாருடையது, தம்பி?" என்று கேட்டோம். "ஒரு ஹாஜியாருடையது, ஹஜ்ரத். அவர் மௌத்தாகி ஒன்பது வருடம் ஆகிறது. மூத்த மகன்தான் வாடகை வாங்குகிறார், அவர்தாம் விற்கிறார்" என்றார். "ஹாஜியாருக்குப் பெண்மக்கள் உண்டா?" என்றோம். அவர் சற்றே நெளிந்தார். "இருக்கிறார்களாம். அது அவர்கள் வீட்டு விவகாரம் அல்லவா, ஹஜ்ரத்?" என்றார்.

அல்ல. அது விலை கொடுப்பவருடைய விவகாரமும்தான். எடுத்துக்காட்டாக ஒரு கணக்குப் பார்ப்போம். ஒருவர் மனைவி, இரண்டு ஆண்மக்கள், இரண்டு பெண்மக்கள் ஆகியோரை விட்டு மறைகிறார். கடனும் வஸிய்யத்தும் இல்லை என்று கொள்வோம். சொத்தை 48 பங்காக்கினால் மனைவிக்கு 6, ஆண்மக்கள் ஒவ்வொருவருக்கும் 14, பெண்மக்கள் ஒவ்வொருவருக்கும் 7. அவர் கண் மூடிய கணமே இந்தப் பங்குகள் இவர்களுடையவை ஆகிவிட்டன. எவரும் கொடுத்து எவரும் வாங்க வேண்டியதில்லை. வீட்டின் வாடகை மாதம் 12,000 ரூபாய் என்றால் தாய்க்கு 1,500, மகன்களுக்குத் தலைக்கு 3,500, மகள்களுக்குத் தலைக்கு 1,750. மூத்தவர் 12,000ஐயும் தம் பையில் போட்டுக்கொண்டு பத்தாண்டு கழித்தால், ஒரு சகோதரிக்கு அவர் தர வேண்டிய வாடகை மட்டும் 2,10,000 ரூபாய். அந்தப் பணத்தில் பெருநாளைக்குச் சேலை எடுத்துக் கொடுத்துவிட்டு, "தங்கச்சிமாரை நான் குறைவில்லாமல் பார்த்துக்கொள்கிறேன்" என்று மஹல்லாவில் பெருமை பேசுகிறவர்களைத் தமிழ்நாட்டின் எந்த ஊரில் காணவில்லை?

சொந்தக்காரர் குடியிருந்த வீட்டில் இந்த அநியாயத்துக்குக் கொஞ்சமேனும் தடை உண்டு. அங்கே தாய் இருப்பார். பெண்மக்கள் வந்து போவார்கள். வீடு கண்முன் நிற்கும். வாடகைக்கு விட்ட வீடோ எங்கோ நகரத்தில் இருக்கிறது. சகோதரிகளில் சிலருக்கு அது எந்தத் தெரு என்பதும் தெரியாது. மூத்தவரின் கைப்பேசி எண்ணுக்கு மாதம் ஒருமுறை பணம் வந்து சேர்கிறது என்பதும் தெரியாது. வாடகைக்கு இருந்த வீட்டை வாங்குவோர் வேறெவரையும்விட இந்தக் கேள்வியைக் கேட்கக் கடமைப்பட்டவர்கள் என்று நாம் சொல்வது இதனால்தான். தண்ணீர் ஊற்றிக் கழுவ முடியாத கறை என்று நாம் குறிப்பிட்டதும் இதுவே.

மூத்த மகனால் எதை விற்க முடியும்? மேற்சொன்ன கணக்கில் 48இல் 14ஐ. எஞ்சிய 34 பங்கு அவருடையது அன்று. பிறர் பங்கில் செய்த விற்பனை ஷாஃபியீ மத்ஹபில் செல்லாது. ஹனஃபீ மத்ஹபில் உரியவர் இசைவு தரும்வரை தொங்கி நிற்கும். நாட்டுச் சட்டத்திலும் முஸ்லிம்களுக்கு வாரிசுரிமையை 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டப்படி தீர்மானிக்கும்போது, கூட்டுக் குடும்பத்தின் தலைவர் என்று ஒருவர் இல்லை. ஒருவர் கையெழுத்து மற்றவரைக் கட்டாது. வாடகை தராமல் பல ஆண்டுகள் கழிந்ததால் சகோதரியின் உரிமை தேய்ந்துவிட்டது என்று சில தரகர்கள் சொல்கிறார்கள். ஒரு பங்காளியின் சுவாதீனம் எல்லாப் பங்காளிகளுக்காகவும் கொண்ட சுவாதீனமே. "உனக்கு இதில் உரிமை இல்லை" என்று வெளிப்படையாக விலக்கி, அதன்மேல் 12 ஆண்டுகள் கழியாமல் அந்த வாதம் எடுபடுவது அரிது. ஆக, வாங்கியவர் குடியேறிப் பத்தாண்டு ஆனபின்னும் ஒரு சகோதரி நீதிமன்றப் படியேறினால், அவமானமும் அலைச்சலும் வாங்கியவருக்கே.

"அக்காமார் எல்லாரும் விட்டுக்கொடுத்துவிட்டார்கள்" என்ற சொல்லையும் நாம் எளிதில் நம்புவதில்லை. எவ்வளவு என்று தெரியாமல் விட்டுக்கொடுப்பது விட்டுக்கொடுப்பதாகுமா? தாய்வீட்டு வாசல் அடைபட்டுவிடும் என்று அஞ்சி, நான்கு ஆண்கள் சூழ்ந்திருக்கும் கூடத்தில் தலைகுனிந்து "எனக்கு வேண்டாம்" என்று சொன்ன சொல்லுக்கு என்ன மதிப்பு? மெய்யாகவே ஒருவர் தம் பங்கை ஒரு தொகைக்கு விட்டு விலக விரும்பினால் அதற்குத் தகாருஜ் என்ற வழி ஃபிக்ஹில் இருக்கிறது; பதிவு அலுவலகத்தில் விடுதலைப் பத்திரம் இருக்கிறது. சந்தை விலையைச் சொல்லி, பங்கின் அளவைச் சொல்லி, அவரிடம் கேட்கட்டும்.

அதிகாரப் பத்திரம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சொந்தக்காரர் வெளிநாட்டில் இருக்கையில் தம்பிக்கு எழுதிக் கொடுத்த பத்திரத்தைக் காட்டி விற்க வருகிறார்கள். கொடுத்தவர் உயிருடன் இருக்கிறாரா? அவர் மௌத்தானால் வகாலத் முடிந்தது. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமும் பொதுவாக அதையே சொல்கிறது. வெறும் அதிகாரப் பத்திரத்தாலும் ஒப்பந்தத்தாலும் சொத்துரிமை மாறாது என்று உச்சநீதிமன்றம் 2011இல் தெளிவாக்கிவிட்டது. நேரில் முகம் பார்த்துப் பேச வழியுள்ள இந்நாளில், விற்பவர் இருக்கிறாரா என்று ஒரு முறை அழைத்துப் பேசக்கூட நம்மவர்களுக்குச் சோம்பல்.

"இவ்வளவு கேட்டால் எவர் நமக்கு விற்பார்? அடுத்த ஆள் வாங்கிக்கொண்டு போய்விடுவான்" என்பார்கள். போகட்டும். முத்திரைத் தீர்வை 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடும் கட்டி, பிறருடைய 34 பங்கை வாங்கும் பேறு அந்த அடுத்த ஆளுக்கே இருக்கட்டும். நேர்மையான விற்பனையாளருக்கு இந்தக் கேள்விகள் சுமையே அல்ல. தாசில்தார் தரும் வாரிசுச் சான்றை மேசைமேல் வைப்பார். சகோதரிகளின் எண்களைத் தருவார். முன்பணத்தைச் சிறிதாக வைத்து, ஒப்பந்தத்தில் இரண்டு வரிகள் சேர்த்து எழுதிக்கொள்ளலாம்: எல்லா வாரிசுகளும் பதிவு அலுவலகத்துக்கு வந்து கையெழுத்திட வேண்டும்; விலை ஒரே காசோலையாக மூத்தவர் பெயரில் அன்றி, அவரவர் பங்குக்கு அவரவர் பெயரில் தனித்தனிக் காசோலையாகத் தரப்படும். இதற்கு ஆகும் கூடுதல் செலவு சில காசோலைத் தாள்கள். வெளிநாட்டில் இருக்கும் மகள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பமிட்ட அதிகாரப் பத்திரம் அனுப்பலாம். அது வந்து சேர ஓரிரு மாதம் ஆகலாம். அதுவரை வாடகைக்காரர் அங்கேயே இருக்கட்டும். அந்த ஓரிரு மாத வாடகையையாவது 48 பங்காகப் பிரித்து உரியவர்களுக்கு அனுப்பச் சொல்லி, அனுப்பிய சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டுப் பத்திரப் பதிவுக்கு நாள் குறிக்கலாம்.